மெஷின் மட்டும் பேச வைத்துவிடாது: ஒரு கண்டக்டர் வீட்டு அனுபவம்

என் வீட்டுக்காரர் 26 வருடம் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் வழித்தடத்தில் கண்டக்டராக இருந்தவர். 2021 நவம்பரில் பக்கவாதம் வந்தபிறகு அவர் வாயில் தானாக வந்தது ஒரே ஒரு சொல்தான்: ‘ரைட்’. தண்ணீர் வேண்டும் என்றாலும் ரைட், வேண்டாம் என்றாலும் ரைட், கோபம் வந்தால் ரைட் ரைட் ரைட். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டரை வருடம் ஓட்டினோம். அதற்குள் மூளையைத் தூண்டும் சிகிச்சை என்று இரண்டு இடத்துக்குப் போனோம். ஒரு இடத்தில் பணத்தைத் தொலைத்தோம், இன்னொரு இடத்தில் கொஞ்சம் சொற்களைத் திரும்ப வாங்கிவந்தோம். ஆரம்பத்திலேயே யாராவது உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை, மருத்துவர் இல்லை. எங்களுக்கு நடந்ததையும், நடந்தபிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன்.

அந்தக் காலையைப் பற்றி நீட்டிச் சொல்ல மனமில்லை. ஐந்தரை மணிக்கு முதல் டிரிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வயது 58, பணிக்காலம் முடிய இரண்டு வருடம் இருந்தது. காப்பி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. ஏதோ சொல்ல வந்தார், குழறியது. நான் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். அப்படி எதையும் வாயில் ஊற்றவே கூடாதாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். பக்கத்து வீட்டு அக்கா வாயுப்பிடிப்பு என்றார். படுக்கவைத்துப் பார்த்தோம். எட்டு மணிக்கு உள்ளூரில் காட்டி, அங்கிருந்து கீழே போகச் சொல்லி, மழையில் வழியில் மரம் விழுந்து கிடந்ததைத் தாண்டிக் கோவை போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டுமாம். எங்கள் கணக்கில் ஆறு மணி நேரம் தாண்டியிருந்தது. முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் காப்பியும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், உடனே 108. மலையில் இருப்பவர்கள் இறங்குகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரைச் சீட்டு, உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு தாள், கை காலுக்குப் பயிற்சி. பேச்சைப் பற்றிக் கேட்டேன். “தானா வருங்கம்மா, டைம் ஆகும்” என்றார்கள். நானும் நம்பினேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சை செய்பவர் வீட்டுக்கே வந்தார், மூன்றாவது மாதத்தில் தடி ஊன்றி நடந்தார். நடந்துவிட்டார், பேச்சும் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வசம்பை உரசி நாக்கில் தடவினேன். தேன் தடவினேன். பழனிக்கு வேண்டிக்கொண்டேன். நாக்கில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு மூளையில் சொற்களை எடுத்துக்கொடுக்கும் இடத்தில் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான்காவது மாதம், 2022 மார்ச்சில், ஒரு தடவை வலிப்பு வந்தது. அதற்கு ஒரு மாத்திரை சேர்ந்தது. இந்த வலிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

எட்டு மாதம் இப்படியே போனது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவருக்குக் காது கேட்காது என்பதுபோல் கத்திப் பேசினார்கள். சிலர் குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் பேசினார்கள். நானும் அவருக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்றுதான் உள்ளூர நினைத்திருந்தேன், ஒப்புக்கொள்வதற்கு என்ன. ஒருநாள் பால்காரருக்கு 200 ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மீதிச் சில்லறையைப் பால்காரர் குறைவாகக் கொடுக்க, இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ‘ரைட், ரைட்’ என்று விடவில்லை. எண்ணிப் பார்த்தால் பத்து ரூபாய் குறைந்தது. ஒரு எண்ணைக்கூட வாயால் சொல்லமுடியாத மனுஷன் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார். இன்னொரு நாள், அவர் பஸ்ஸில் தினமும் வந்துகொண்டிருந்த படுகர் பெரியவர் ஒருவர் பார்க்க வந்து, அவர்கள் மொழியில் ஏதோ பழைய கதையைச் சொன்னார். பயணிகளிடமே படுகு கற்றுக்கொண்டவர் இவர். சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளே ஆள் முழுசாக இருக்கிறார், நாங்கள்தான் கதவைத் தட்டாமல் இருந்திருக்கிறோம்.

அப்புறம்தான் ‘அஃபேசியா’ என்ற பெயரே காதில் விழுந்தது. பேச்சிழப்பு என்று தமிழில் சொல்கிறார்கள். அறிவு போவதில்லை, மொழி மட்டும் அடிபடுகிறது. இதற்கென்று ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 2022 ஜூலையிலிருந்து வாரம் ஒருமுறை கோவைக்கு இறங்கினோம். ஒரு தடவைக்கு 600 ரூபாய், போகவர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பத்து தடவை போனோம். வாரத்துக்கு முக்கால் மணி நேரப் பயிற்சியில் பெரிதாக எதுவும் அசையவில்லை. பலாப்பழம் பழுக்கும் காலத்தில் வழியில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் ரோட்டுக்கு வந்துவிடும். ஒருநாள் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்து, போனபோது எங்கள் நேரம் முடிந்திருந்தது. அத்தோடு நிறுத்திவிட்டோம். நிறுத்தியது தப்பு. வீட்டில் செய்ய என்ன பயிற்சி, வீடியோ காலில் பார்ப்பீர்களா என்றாவது கேட்டிருக்கவேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

2023 கடைசியில் மகன் ஓசூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். தலைமேல் ஒரு கருவியை வைக்கிறார்கள், ‘மூளையைத் தட்டி எழுப்பும்’ என்கிறார்கள், பேசாதவர் பேசுகிறார். பார்த்ததும் அழுதுவிட்டேன். சமவெளியில் ஒரு ஊரில் இருந்த அந்த மையத்துக்குப் போன் செய்ததும் மறுநாளே வரச் சொன்னார்கள். இருபது சிட்டிங், ஒன்றுக்கு 2,500, மொத்தமாகக் கட்டினால் 45,000. மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். ஜனவரியில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து, அங்கேயே அறை எடுத்துத் தங்கினோம். பணம் கட்டுவதற்குமுன் நான் கேட்ட ஒரே கேள்வி “பேச்சு வந்துடுங்களா?” அவர்கள் சொன்ன பதில் “நல்ல ரிசல்ட் இருக்குங்கம்மா.” இந்தக் கேள்விக்கு இந்தப் பதில்தான் கிடைக்கும். கேட்கவேண்டியது வேறு.

அங்கே செய்தது காந்தத் தூண்டல், சுருக்கமாக டி.எம்.எஸ். எட்டு வடிவத்தில் இருக்கும் ஒரு சுருளைத் தலையை ஒட்டி வைக்கிறார்கள். டக், டக் என்று நொடிக்கு ஒரு சத்தம், இருபது நிமிடம், ஆக 1,200 தட்டு. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவேண்டும். அடிபட்டது இடது மூளை, இவர்களோ வலது பக்கம் வைக்கிறார்களே என்று கேட்டேன். “அதுதான் புரோட்டோகால்” என்றார் அந்தப் பையன். பிறகு வேறு இடத்தில்தான் விளக்கம் கிடைத்தது: இடது பக்கம் அடிபட்டதும் வலது பக்கம் அளவுக்கு மீறி வேலை செய்து, மிச்சம் இருக்கும் இடது பகுதியைத் தலையெடுக்க விடாமல் செய்கிறது என்று ஒரு கருத்து. அதனால் வலது பக்கத்தை மெதுவான தட்டுகளால் அடக்கிப் பார்க்கிறார்கள். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் கொண்டுவந்த முறையிலிருந்து வளர்ந்தது இது. ஏமாற்று வேலை இல்லை, உண்மையான மருத்துவம்தான். ஆனால் எங்களுக்கு நடந்தது பாதி வேலை. இருபது நிமிடம் டக் டக், அப்புறம் “நாளைக்கு வாங்க”. பேச்சுப் பயிற்சி ஒரு நிமிடம் கிடையாது. நாங்கள் அறைக்கு வந்து அவர் டி.வி. பார்ப்பார், நான் துணி துவைப்பேன். இருபது நிமிடத்தில் மூளையில் ஏதாவது இளகியிருந்தால்கூட, அதை வைத்து அவர் கேட்டது டி.வி. சீரியலைத்தான்.

பன்னிரண்டாவது சிட்டிங்கில் புதிதாக வந்த ஒரு பெண், சுருளை வைப்பதற்குமுன், “இவருக்கு வலிப்பு ஏதாச்சும் வந்திருக்குங்களா?” என்று கேட்டாள். வந்திருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார் என்றேன். அவள் முகம் மாறி உள்ளே போனாள். மருத்துவர் வந்து ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று என்னைத் திட்டினார். முதல் நாள் கொடுத்த நாலு பக்க ஆங்கிலப் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்ததாம். வரவேற்பில் இருந்தவர் வரிசையாக ‘இல்லை’ என்று டிக் போட்டுக்கொண்டே வந்தார், நான் கையெழுத்துப் போட்டேன். ஊரில் பிள்ளைகளுக்கு வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். தப்பில் என் பங்கும் இருக்கிறது. ஆனால் மாத்திரைச் சீட்டு அவர்கள் ஃபைலில்தானே இருந்தது, அதில் வலிப்பு மாத்திரை எழுதியிருந்ததே. நொடிக்கு ஒன்று என்ற மெதுவான வேகத்தில் வலிப்பு வரும் ஆபத்து குறைவுதான் என்று பின்னால் வேறொரு நரம்பியல் மருத்துவர் சொன்னார். “ஆனாலும் கேட்காமல் ஆரம்பித்தது தப்பு” என்றார். மிச்சம் எட்டு சிட்டிங் நிறுத்தப்பட்டது, பணம் திரும்பவில்லை. இரண்டு தடவை நேரில் கேட்டேன். பேக்கேஜ் என்றால் பேக்கேஜ்தானாம்.

45,000 சிகிச்சை, அறை வாடகை, சாப்பாடு, டாக்சி எல்லாம் சேர்த்து 68,000 தாண்டியது. சம்பளம் தனி, நகைக்கடன் வட்டி தனி. வந்தபோது அவர் சொன்னது ரைட், திரும்பும்போது சொன்னதும் ரைட். பஸ் அரவேணு தாண்டும்போது என் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அதுதான் அந்தப் பயணத்தில் தாங்கமுடியாததாக இருந்தது.

இதே யோசனையில் இருப்பவர்கள் பணம் கட்டுவதற்குமுன் இதையெல்லாம் கேளுங்கள். தூண்டல் நடக்கும்போதோ முடிந்த உடனேயோ ஸ்பீச் தெரபிஸ்ட் எத்தனை நிமிடம் கூட உட்காருவார்? அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா, பதிவு எண் என்ன? (கேட்டால் கோபப்படமாட்டார்கள், கோபப்பட்டால் கிளம்பிவிடலாம்.) ஆரம்பிக்கும் முன் பேச்சை அளந்து எழுதித் தருவார்களா, முடிந்தபின் அதே அளவுகோலில் மறுபடி அளப்பார்களா? பாதியில் நின்றால் மீதிப் பணம் என்ன ஆகும், அதை எழுதித் தருவார்களா? இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, தலையில் எந்த உலோகம் இருந்தாலும், ஒரே ஒரு தடவை வலிப்பு வந்திருந்தாலும், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே முதல் நாள் சொல்லுங்கள். ஸ்கேன் சிடியையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையிலேயே வைத்திருங்கள். நான் இப்போது எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன்.

இனிமேல் எந்த மெஷினும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஏப்ரலில் அந்த நரம்பியல் மருத்துவரிடம் வழக்கமான மாத்திரைக்குப் போனபோது, நடந்ததைக் கேட்டுவிட்டு, கற்பித்தலும் நடக்கும் ஒரு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சித் துறைக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். அங்கே இருந்த தெரபிஸ்ட் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் நாள் ஒன்றரை மணி நேரம் இவரோடு உட்கார்ந்து படம் காட்டினாள், கேட்டாள், எழுதினாள். ‘ரைட்’ என்பதை நான் வெட்கத்தோடு சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. 1861-ல் பாரிசில் பால் புரோகா என்ற மருத்துவர் பார்த்த ஒரு நோயாளிக்கு ‘டான்’ என்ற ஒரே சொல்தான் வரும், அந்த மனிதரை வைத்துத்தான் பேச்சு மூளையின் எந்த இடத்தில் இருக்கிறது என்றே உலகத்துக்குத் தெரியவந்தது என்றாள். “அங்க டான், இங்க ரைட், அவ்வளவுதானுங்க அண்ணா” என்று அவரைப் பார்த்துச் சொன்னாள். இரண்டரை வருடத்தில் ஒரு மருத்துவ ஆள் என்னிடம் பேசாமல் அவரிடம் பேசியது அன்றைக்குத்தான்.

பயிற்சியோடு சேர்த்து இவள் பிறகு சொன்னது டி.டி.சி.எஸ். என்ற வேறு தூண்டல் முறை. காந்தம் இல்லை, மிகமிகக் குறைந்த நேர்மின்சாரம். ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர்தான். இது நரம்பைத் தானாக வேலை செய்ய வைப்பதில்லை, வேலைக்குக் கொஞ்சம் தயாராக்கி வைக்கிறது, அவ்வளவே. எனக்குப் புரிந்த விதத்தில் சொன்னால், எங்கள் ஊர் மழையில் நனைந்த விறகை அடுப்போரம் வைத்துக் காயவைப்பது மாதிரி. பற்றவைப்பது பயிற்சிதான். காயவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் சோறு வேகாது. ஜனவரியில் நாங்கள் செய்தது அதுதான்.

அவள் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள். 2018-ல் அமெரிக்காவில் நாள்பட்ட பேச்சிழப்பு உள்ள 74 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. மூன்று வாரம், பதினைந்து அமர்வு, தினம் 45 நிமிடம் பெயர் சொல்லும் பயிற்சி, அதில் முதல் 20 நிமிடம் 1 மில்லி ஆம்பியர் மின்சாரம். பாதிப் பேருக்கு நிஜ மின்சாரம், பாதிப் பேருக்கு வைத்த மாதிரி பாசாங்கு. நிஜமாக வைத்தவர்களுக்குச் சராசரியாக 14 சொல் கூடியது, பாசாங்குக் கூட்டத்துக்கும் 8 சொல் கூடியது. இந்த எட்டை மறக்காதீர்கள் என்றாள். அது பயிற்சி மட்டுமே கொடுத்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும், பொருள்களின் பெயர் சொல்வதில் கொஞ்சம் பலன் தெரிகிறது, அன்றாடப் பேச்சு மேம்படுவதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. ஜெர்மனியில் 156 பேரை வைத்து நடந்து 2017-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் மின்சாரமே இல்லை. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி, ஆறு மாதம் தாண்டிய நோயாளிகளுக்கும் பேச்சு முன்னேறியது. “ஒண்ணுக்குத்தான் காசு இருக்குதுன்னா பயிற்சிக்குக் குடுங்கம்மா. மீதி இருந்தாத்தான் கரண்ட்” என்றாள். வாரத்துக்குப் பத்து மணி நேரம்! நாங்கள் வாரத்துக்கு முக்கால் மணி நேரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்தியவர்கள்.

2024 மே, பள்ளி விடுமுறை. துடியலூரில் நாத்தனார் வீட்டில் தங்கிக்கொண்டோம். நீலகிரிக்கு ஈ-பாஸ் முறை தொடங்கிய மாதம் அது. எங்களை இறக்கிவிட்டுத் திரும்ப அழைக்க வந்த கோவை டாக்சிக்காரர் குஞ்சப்பனைச் சாவடியில் நின்று புலம்பியது தனிக்கதை. கடைசி வலிப்பு வந்து இரண்டு வருடம் தாண்டியிருந்ததால் நரம்பியல் மருத்துவர் எழுத்தில் சம்மதம் கொடுத்தார், மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு நாளைக்குப் பயிற்சிக்கு 400, தூண்டலுக்கு 500 ரூபாய். பதினைந்து நாளுக்கு மொத்தம் 13,500. பில் தனித்தனியாக வந்தது.

சொல்லித்தர ஆளில்லாத சின்ன விஷயம் ஒன்று: தலையில் எண்ணெய் இருக்கக்கூடாது. இவர் தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர். முதல் நாள் மின்சாரம் சரியாகப் பாயவில்லை என்று கருவி நின்றுவிட்டது. தலையைத் துடைத்து மறுபடி வைக்க இருபது நிமிடம் போனது. அடுத்த நாளிலிருந்து முந்தைய இரவே ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்துவிடுவேன். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுறைக்குள் ரப்பர் தகடு. ஒன்றை இடது பக்கம் ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்த இடத்தில் வைத்தாள், இன்னொன்று வலது புருவத்துக்கு மேலே. முதல் ஒரு நிமிடம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், கொஞ்சம் அரிக்கும், எடுத்தபிறகு தோல் சிவந்திருக்கும், ஒரு மணி நேரத்தில் போய்விடும். சத்தம் கிடையாது. அவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

பயிற்சிச் சொற்களை அவள் தேர்ந்தெடுக்கவில்லை, எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். புத்தகத்தில் இருந்த படங்களில் ஒட்டகம், கிடார் எல்லாம் இருந்தன. கோத்தகிரிக்காரருக்கு ஒட்டகம் எதற்கு? அவர் வாழ்க்கையிலிருந்து நாற்பது சொல் எழுதிக் கொடுத்தேன்: டிக்கெட், விசில், சில்லறை, பை, டீ, வர்க்கி, ஸ்வெட்டர், மாத்திரை, வலி, வேண்டாம், பேத்தி பெயர், என் பெயர். ஒவ்வொன்றுக்கும் போனில் படம் எடுத்து வைத்தோம். இதற்கும் ஆதாரம் இருக்கிறதாம். பிரிட்டனில் 278 பேரை வைத்து நடந்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், தனக்கு வேண்டிய சொற்களைக் கணினியில் வீட்டிலேயே பழகியவர்கள் அந்தச் சொற்களை நன்றாகவே சொன்னார்கள், ஆனால் உரையாடல் அதனால் மாறவில்லை. படத்தைக் காட்டி, பத்து நொடி பொறுத்து, வராவிட்டால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பாள். “வி…” என்பாள். அவர் நெற்றி வியர்க்கும். இன்னொரு வித்தையும் செய்தாள். ஸ்டாப் பெயர்களை வரிசையாகத் தொடங்கிவைத்தாள். “மேட்டுப்பாளையம், குஞ்சப்பனை…” என்று அவள் நிறுத்த, இவர் வாயிலிருந்து “அரவேணு” விழுந்தது. அவருக்கே திடுக்கிட்டது. ஆயிரக்கணக்கான தடவை வரிசையாகச் சொல்லிப் பழகியது தனி வழியில் வருமாம். ஒன்று இரண்டு மூன்று, கிழமைகள், சாமி பாட்டு எல்லாம் அப்படித்தான். தனியாக “இது எந்த ஊர்?” என்று கேட்டால் வரவில்லை. ஆனால் அந்த ஒரு அரவேணுவுக்கு நாத்தனார் வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடியோக்களில் இதைச் சொல்வதில்லை. பயிற்சி கொடுத்த நாற்பது சொல்லில் ஆரம்பத்தில் 4 வந்தது, மூன்று வாரம் முடிந்தபோது 21. பயிற்சி கொடுக்காத நாற்பது படத்தில் 6 வந்தது 8 ஆனது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 21 என்பது 19. அதாவது பழகியது வந்தது, பழகாதது பெரும்பாலும் வரவில்லை, வந்ததில் கொஞ்சம் நழுவியது. இதில் மின்சாரம் கொடுத்தது எவ்வளவு, பயிற்சி கொடுத்தது எவ்வளவு என்று ஒரே ஆளை வைத்துச் சொல்லமுடியாது என்று அவளே சொன்னாள். இந்த நேர்மைக்காகவே அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம். முழு வாக்கியம் இன்றுவரை இல்லை. ஆனால் ‘வலி’ என்று சொல்லி இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார். ‘வேண்டாம்’ என்கிறார். அந்த ‘வேண்டாம்’ வந்தபிறகு வீட்டில் சண்டை கூடியிருக்கிறது. இரண்டரை வருடமாக அவர் விரும்பாத ராகிக் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்ஜினியரிங் படிக்கும் தங்கை மகன், “பெரியம்மா, இந்த மெஷின் ஆன்லைன்லயே கிடைக்குது, பேட்டரியில நானே செஞ்சும் தரேன்” என்றான். தெரபிஸ்ட் காதில் போட்டேன், பதறிவிட்டாள். பஞ்சு காய்ந்தால் தோல் சுட்டுவிடும். மூளையில் அடிபட்ட இடத்தில் மின்சாரம் எந்த வழியில் ஓடும் என்பதும் நல்ல மூளையைப் போல இருக்காது. வீட்டில் செய்யவேண்டியது பயிற்சி மட்டும். எங்கள் நேரம் காலை ஆறரை, மாலை ஏழு, அரை மணி அரை மணி. வாரம் ஒருமுறை வீடியோ காலில் அவள் பார்க்கிறாள். மஞ்சு இறங்கினால் சிக்னல் போய்விடும், மாடிப்படியில் நின்று பிடிப்போம். “சொல்லுங்க, சொல்லுங்க” என்று நச்சரிக்கக் கூடாது என்று எனக்குத்தான் அதிகப் பயிற்சி கொடுத்தாள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, டி.வி.யை அணைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்து. ஆசிரியைக்குக் காத்திருப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்று, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் உள்ள 21 வகைகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் ஒன்று, பேச்சிழப்பு அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. கை காலுக்கு மட்டும் சான்று வாங்கிவிட்டு வந்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பேச்சையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டாம் முறை போய்த்தான் சேர்த்தோம்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. இரண்டு வருடம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான், பதில் வராத வீட்டில் பேசிப்பேசி எனக்கே பேச்சு மறந்துவிடும்போல் இருந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அவர் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். ஒருநாள் தங்கையை வரவழைத்து இரண்டு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கினேன், வெறுமனே தூங்கினேன். அதை முதல் வருடமே செய்திருக்கலாம்.

இன்னொரு சுற்று மூன்று வாரம் போகலாமா என்று மகன் கேட்கிறான். தெரபிஸ்ட் புதிதாக நாற்பது சொல் எழுதச் சொல்லியிருக்கிறாள், மின்சாரம் வைப்பதா வேண்டாமா என்பதை அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். பலாப்பழக் காலம் முடிந்தால் குஞ்சப்பனையில் யானைத் தொல்லை குறையும், அப்போது போகலாமா என்று நேற்று சாப்பாட்டில் அவரையே கேட்டேன். டி.வி.யை அணைத்துவிட்டு, ஒரே கேள்வியாக, முகத்தைப் பார்த்து. ரொம்ப நேரம் யோசித்தார். “சில்லறை” என்றார். பணம் இருக்கிறதா என்று கேட்டாரா, நாற்பதில் ஒன்று தானாக வந்து விழுந்ததா, எனக்குத் தெரியவில்லை.